கன் அப்புறம், துணி முதல்ல!

சொந்தமா ஒரு கால்மிதி செய்ய ஆசையா? என்னை மாதிரி சொதப்பாதீங்க. 'தரை ஜில்லுனு இருக்குடா'னு பாட்டி சொன்னதுக்காக, சேர்த்துவெச்ச காசையெல்லாம் டஃப்டிங் கன்னில் கொட்டினேன். நூலைத் துணியில் படபடவெனக் குத்தி ஏற்றும் மெஷின் அது. மிச்சக் காசுக்குக் கிடைத்தது சாக்குத்துணி. முதல் வரிசையிலேயே டர்ர்ர்!

பாடம் இதுதான் பாஸ்... முதல் செலவு துணிக்கும் சட்டத்துக்கும்தான். டஃப்டிங்குக்கென்றே நெய்த துணியை, தவில் மாதிரி விறைப்பா இழுத்து மாட்டுங்க. பழகுறதுக்கு அக்ரிலிக் நூல் போதும். மிதிச்சாலும் நிமிரணும்னா கம்பளி. உருண்டை நூல் சிக்கும், கோனில் சுத்திக்கோங்க. பின்பக்கம் லேட்டக்ஸ் பசை பூசலைன்னா எல்லாம் உருவிக்கிட்டு வந்துடும்.

கன்னுக்கு அவசரமே இல்லை. கையால் குத்தும் பஞ்ச் நீடில் போதும். அதில்தான் இப்ப பாதி முடிச்சிருக்கேன். பாட்டி அதுக்குள்ள காலை வெச்சுப் பார்த்துட்டாங்க!