இழை அறும் இடம்

இராட்டை சுற்றிப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை விரல் நுனியிலேயே தெரியும். இழை கண்ட இடத்தில் அறுவதில்லை. பஞ்சு மெலிந்து வந்த இடத்தில், கை அவசரப்பட்டு இழுத்த இடத்தில்தான் அறும். நமது உயிரணுக்களுக்குள் சுருண்டு கிடக்கும் குரோமோசோம் என்னும் இழைகளின் சங்கதியும் இதுவே என்று அறிந்தபோது நமக்கு உண்டான வியப்புக்கு அளவில்லை.

மனிதனுக்கு இவ்விழைகள் 46. பெற்றோர் வழி வந்த செய்திகளெல்லாம் இவற்றிலே எழுதப்பட்டிருக்கின்றன. ஓர் அணு இரண்டாகுமுன் அவ்வெழுத்து முழுவதும் பிரதி எடுக்கப்பட வேண்டும். சில இடங்களில் மட்டும் அவ்வேலை பிந்திவிடுகிறது. முடியுமுன்னரே அணு பிளக்கத் தொடங்கினால் அங்கே விரிசல் காண்கிறது.

ஆஸ்திரேலியாவில் கிராண்ட் சதர்லாந்து என்ற விஞ்ஞானி, மெல்போர்ன் நகரில் இருந்தபோது சிலருடைய இரத்த அணுக்களில் இவ்விரிசல்களைக் கண்டார். அடிலெய்டு நகருக்கு மாறிச் சென்றபின் எவ்வளவு தேடியும் அவை அகப்படவில்லை. வேறொருவராயின் முன்பு கண்டது பொய்த்தோற்றம் என்று விட்டிருப்பார். இவரோ அணுக்களுக்கு ஊட்டிய உணவை ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய ஊரில் இட்டது ஏழைக் கஞ்சி. புதிய ஊரில் இட்டது ஃபோலிக் அமிலம் நிறைந்த விருந்து. கஞ்சிக்குத் திரும்பியதும் விரிசல்களும் திரும்பின! 1977-இல் இதனை வெளியிட்டார். பட்டினி போட்டால்தான் இழையின் பலவீனம் தெரிகிறது.

அவர் கண்டவை சில குடும்பங்களில் மட்டும் வழிவழி வருபவை. 1984-இல் தாமஸ் குளோவரும் அவருடைய கூட்டத்தாரும், பிரதி வேலையை மந்தப்படுத்தும் அஃபிடிகோலின் என்னும் மருந்தைச் சிறிதளவு சேர்த்துப் பார்த்தார்கள். முறியும் இடங்கள் வேறு பல தென்பட்டன. இவை எல்லா மனிதருக்கும் பொதுவானவை.

இந்த ஒரு சொல்லை நாம் எளிதில் கடந்து போக முடியவில்லை. நமக்கு நெருங்கிய ஒரு வீட்டில் தாயாருக்கு மார்பில் கட்டி கண்டது. பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த சமயம். "குடும்பத்தில் இந்த வியாதி உண்டென்று தெரிந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்று அந்த அம்மாளே வாயை மூடிக்கொண்டார். முகூர்த்தம் நடந்தது, பந்தல் பிரித்தபின்தான் வைத்தியரிடம் போனார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பரம்பரையாக வரும் புற்றும் சில உண்டு, மறுப்பதற்கில்லை. பெரும்பாலானவை அப்படியல்ல. அறுபடத்தக்க இடங்களோ, யாருக்கு அஞ்சி மறைத்தார்களோ அந்தச் சம்பந்திகளின் உடம்பிலும் அணுவுக்கு அணு இருக்கின்றன.

அவற்றுள் மிக எளிதில் முறிவது மூன்றாம் குரோமோசோமில் உள்ளது. அவ்விடத்தில் எஃப்.எச்.ஐ.டி. என்ற மரபணு இருப்பதை 1996-இல் கண்டார்கள். சுமார் 15 லட்சம் எழுத்து நீளமுள்ள பெருங்காவியம் அது; பிரதி எடுப்பவர் திணறுவதில் ஆச்சரியமென்ன? புகை பிடிப்போரின் நுரையீரல் புற்றில் இது சிதைந்து கிடப்பது அடிக்கடி காணப்படுகிறது. சிதைவு நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அந்த மரபணுவை இழந்த எலிகளுக்கு, புற்றுண்டாக்கும் பொருளைக் கொடுத்தால் கட்டிகள் மிகுதியாக வருகின்றன என்பது காரணம் என்போர் கட்சிக்குப் பலம்.

இவ்வளவு ஆபத்தான இடங்களை இயற்கை ஏன் களைந்தெறியவில்லை? அறுந்த முனைகள் இடம் மாறி ஒட்டுவது எப்போதும் அழிவாக முடிவதில்லை. 2003-இல் பெவ்ஸ்னர், டெஸ்லர் என்ற இருவர் மனிதனுடைய இழைகளையும் சுண்டெலியின் இழைகளையும் ஒப்பிட்டு, பல கோடி ஆண்டுகளில் நேர்ந்த முறிவுகள் சில பகுதிகளிலேயே திரும்பத் திரும்ப விழுந்திருக்கின்றன என்று காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் முறிபவையும் இவையும் முற்றும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. எனினும் இழைகள் இடம் மாறி இணைவதும் புதிய உயிரினங்கள் பிரிவதும் கைகோத்து வந்திருக்கின்றன. நம் நாட்டுக் காடுகளில் நாய்போல் குரைக்கும் கேளையாட்டைப் பாருங்கள். சீனத்திலுள்ள அதன் உறவினத்துக்கு நம்மைப் போலவே 46 இழைகள். கேளையாட்டிலோ அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி, பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 என்று நிற்கின்றன. 1970-இல் இதை எண்ணிச் சொன்னார்கள்.