விரிஞ்சிபுரத்தில் ஒரு கால் சென்டர் வைத்தால்...

விரிஞ்சிபுரம் என்றால் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி. அதுவும் வேண்டாம் என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். டிகிரி முடித்தவர்களுக்கு ஊரிலேயே முப்பது சீட் வைத்து ஒரு கால் சென்டர் போட்டால் என்ன?

இது புதிய யோசனை இல்லை. தமிழக அரசு 2010-ல் கிராமப்புற பிபிஓ கொள்கை என்றே ஒன்று கொண்டு வந்தது. அதற்கு முன்பே சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ நிறுவனம், திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் ஆபீஸ் போட்டுவிட்டது. ஆனால் அங்கே நடந்தது பெரும்பாலும் டேட்டா என்ட்ரி போன்ற வேலைகள். டேட்டா என்ட்ரியில் லைன் பத்து நிமிஷம் போனால் டீ குடித்துவிட்டு வரலாம். போனில் பேசுகிறவர் பத்து விநாடி கூடக் காத்திருக்க மாட்டார், வைத்துவிடுவார்! ஆகவே கால் சென்டருக்கு நாற்காலி, ஏசி எல்லாம் அப்புறம். முதலில் லைன்.

பல வருஷங்களாக லைன் என்றால் ஈ1 தான். 2.048 எம்பிபிஎஸ். அதில் 64 கேபிபிஎஸ் கொண்ட 32 பகுதிகள். ஒன்று ஒழுங்கு காக்க, ஒன்று சிக்னலுக்கு, மீதி 30-ல் முப்பது பேர் பேசலாம். முப்பது சீட்டுக்குக் கச்சிதம். அதே லைனை ஐபி முறையில் ஓட்டினால் கணக்கு மாறுகிறது. ஜி.711 என்ற முறையில் ஒவ்வொரு பேச்சும் தலைப்புச் சுமையோடு சேர்த்து 80 கேபிபிஎஸ் தின்னும். முப்பதுக்கு 2,400. லைன் போதாது! ஜி.729 என்றால் ஒரு பேச்சுக்கு 24 தான், முப்பதுக்கு 720. குரல் கொஞ்சம் தகரம் மாதிரி இருக்கும், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு லைன் மிச்சம். கேபிள் வாங்கப் போவதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு இது.

அடுத்து கேபிள். மோடத்திலிருந்து ரவுட்டருக்கு வி.35 கேபிள் போட்ட காலத்தில் கடையில் இரண்டு வகை கொடுப்பார்கள், டிடிஇ, டிசிஇ என்று. மோடம்தான் டிசிஇ, அதுதான் கிளாக் கொடுக்கும். ரவுட்டர் பக்கம் டிடிஇ கேபிள் வேண்டும். மாற்றி வாங்கி வந்தால் மோடத்தில் சொருகவே சொருகாது. இந்தக் கிளாக் சமாச்சாரம் சாதாரணமானது அல்ல. விரிஞ்சிபுரம் கோயிலில் வெயிலை வைத்து நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. ஊருக்கு அது ஒன்று போதும். ஈ1 லைனும் அப்படித்தான். இரண்டு முனையிலும் போர்ட்டை சொந்தக் கிளாக்கில் விட்டால் ஒன்று மயிரிழை முந்தும், ஒன்று பிந்தும். அவ்வப்போது ஒரு துண்டு நழுவும். பேச்சில் 'டிக்' என்று ஒரு சத்தம், ஃபேக்ஸ் என்றால் பாதியில் நின்றுவிடும். லைன் விளக்கு என்னவோ பச்சையாகத்தான் எரியும்.

இப்போது பெரும்பாலும் ஃபைபரிலேயே ஈதர்நெட் வந்துவிடுகிறது. ஆனாலும் பச்சை விளக்கு ஏமாற்றுவது நின்றபாடில்லை. ஒரு முனையில் போர்ட்டை 100 எம்பிபிஎஸ், முழு டூப்ளெக்ஸ் என்று கட்டிப் போட்டுவிட்டு மறுமுனையை ஆட்டோவில் விட்டால், ஆட்டோ பக்கம் பாதி டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். ஒருவர் இருவழிச் சாலை என்று ஓட்டுகிறார், எதிரே வருபவர் ஒற்றைப் பாலம் என்று நினைக்கிறார். பிங் அடித்தால் பதில் வரும், மெயில் போகும். மாலையில் கூட்டம் ஏறியதும் குரல் மட்டும் துண்டு துண்டாக வரும். இரண்டு பக்கமும் ஆட்டோ, அல்லது இரண்டு பக்கமும் கட்டு. நடுவழி கிடையாது.

கட்டடத்துக்குள் தாமிர ஒயர் 100 மீட்டர் வரை போகலாம். அடுத்த கட்டடத்துக்குப் போவதானால் ஃபைபர்தான் நல்லது. ஐப்பசி இடியில் ஒரு மின்னல் பக்கத்தில் விழுந்தாலும் தாமிர ஒயர் வழியாக இரண்டு பக்க போர்ட்டும் போய்விடக்கூடும்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒற்றை லைனை நம்பி முப்பது பேர் சம்பளத்தை வைக்க முடியாது. இரண்டு கம்பெனியிடம் இரண்டு லைன் வாங்கினால் கவலை இல்லை என்று தோன்றும். 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாண்டிரியாவுக்கு அருகே கடலடியில் ஃபிளாக், சீ-மீ-வீ 4 என்ற இரண்டு கேபிள்களும் ஒரே நாளில் அறுந்தன. வேறு வேறு கம்பெனிகள், ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பாதை. இந்தியாவின் இணையம் தள்ளாடியது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகக் கிழக்கே இன்னொரு பாதை வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள்.

விரிஞ்சிபுரத்துக்கும் அதே கதைதான். ஊர் பாலாற்றின் தென்கரை, பக்கத்திலேயே சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை. ரயில் பாதை வடகரையில் லத்தேரி வழியாகப் போகிறது. இரண்டு லைனும் நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளத்திலேயே வந்தால் ஒரே ஜேசிபி இரண்டையும் தோண்டிவிடும். ஒன்று சாலையோடும் இன்னொன்று ரயில் பாதையோடும் வந்தால் அது நிஜமாகவே இரண்டு லைன். ஆனால் வடகரையிலிருந்து வருவது ஆற்றைத் தாண்டியாக வேண்டுமே! 2021 நவம்பரில் பாலாற்றில் எவ்வளவு தண்ணீர் போனது என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் முன் கம்பெனிக்காரரிடம் ரூட் மேப் வாங்கி, கேபிள் எந்தப் பாலத்தில் ஆற்றைக் கடக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.