மலிவுச் சீட்டில் ஐரோப்பிய வான்வெளி

ஆகாய விமானப் பிரயாணம் என்றாலே செல்வந்தருக்குரிய காரியம் என்று கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. விமானம் ஏறுவோர் கல்யாண வீட்டுக்குச் செல்வார் போல உடுத்துச் சென்றனர். பணிப்பெண்கள் இன்முகத்துடன் உணவு பரிமாறினர். பெட்டியைத் தூக்குவதற்கும், ஆசனத்தைக் காட்டுவதற்கும் ஆட்கள் இருந்தனர். இன்றோ ஐரோப்பாவில், ஒரு கடலையும் ஒரு மலைத்தொடரையும் தாண்டிப் பறப்பதற்கு, நல்ல உணவுச்சாலையொன்றில் ஒருவேளை உண்பதற்குச் செலவாகும் பணமே சில நாட்களில் போதுமானதாயிருக்கிறது. இவ்வதிசயம் எவ்வாறு நிகழ்ந்தது? இதனால் பிரயாணி பெறுவது யாது, பதிலுக்குக் கொடுப்பது யாது? லண்டனிலிருந்து வட இத்தாலிக்கும், டப்ளினிலிருந்து வட பிரான்சுக்கும் இத்தகைய விமானங்களிற் சென்றுவந்த அனுபவத்தைக் கொண்டு இவ்வினாக்களைச் சிறிது ஆராய முற்படுகிறோம்.

சட்டம் திறந்த கதவு

முன்னர் ஐரோப்பிய நாடுகள் தத்தம் தேசிய விமானக் கம்பனிகளைக் கண்ணுங் கருத்துமாகப் பாதுகாத்து வந்தன. இரு நாடுகளுக்கிடையே யார் பறக்கலாம், எத்தனை முறை பறக்கலாம், என்ன கட்டணம் அறவிடலாம் என்பனவெல்லாம் அரசாங்கங்கள் கூடிப் பேசித் தீர்மானித்த விஷயங்கள். 1987, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் மூன்று படிகளாக இக்கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. 1997 ஏப்ரல் முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடொன்றில் உரிமம் பெற்ற கம்பனி, மற்றெந்த உறுப்பு நாட்டினுள்ளும் தடையின்றிப் பறக்கலாம் என்றாயிற்று.

இக்கதவு முற்றாகத் திறக்குமுன்னரே அதனைத் தட்டியவர்கள் அயர்லாந்துக்காரர். ரயன்எயார் கம்பனி 1985 இல், பதினைந்து ஆசனங்கள் கொண்ட ஒரு சிறு விமானத்துடன் வோட்டர்போர்ட் நகருக்கும் லண்டனுக்குமிடையே சேவையை ஆரம்பித்தது. அடுத்த ஆண்டில் டப்ளினிலிருந்து லண்டனுக்குப் பறக்க அனுமதி பெற்று, பழைய கம்பனிகள் கேட்ட கட்டணத்தில் பாதிக்கும் குறைவாகக் கேட்டது. அக்காலத்தில் இங்கிலாந்தில் கூலிவேலை செய்த அயர்லாந்துக்காரர் ஊர் திரும்புவதாயின், புகையிரதத்திற் சென்று, ஹொலிஹெட் துறைமுகத்தில் இரவுக் கப்பலேறி, விடியற்காலையிற் கரையிறங்குவர். அத்தகைய தொழிலாளிக்கு ஒரு மணித்தியாலத்தில் வீடு போய்ச் சேரும் வழி கிடைத்தது என்பதே இச்சரித்திரத்தின் முதலாவது விசேஷம்.

சிக்கனமாக விமானம் நடத்தும் வித்தையை ஐரோப்பியர் அமெரிக்காவிலேயே கற்றனர். 1971 இல் டெக்சஸ் மாநிலத்திற் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ற் கம்பனியே அவர்களுக்குக் குரு. 1995 நவம்பரில், சைப்பிரஸ் வம்சாவளியினரான ஸ்டெலியோஸ் ஹஜி-இயோனு என்ற இளைஞர் ஈசிஜெற் கம்பனியைத் தொடங்கி, லண்டனுக்கு வடக்கேயுள்ள லூட்டனிலிருந்து ஸ்கொத்லாந்துக்கு விமானம் விட்டார். முகவர்களுக்குத் தரகு கொடுக்க மனமில்லாத அவர், சீட்டுப் பதியும் தொலைபேசி இலக்கத்தை விமானத்தின் உடலிலேயே பெரிதாகத் தீட்டிவைத்தார். 2004 மே முதலாந் திகதி பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தன. அதே மாதத்தில் விஸ் எயார் கம்பனி போலந்தின் கட்டோவிச் நகரிலிருந்து தன் முதல் விமானத்தை அனுப்பியது. ஒரு பகலும் ஓர் இரவும் பஸ் வண்டியில் இருந்து லண்டன் சென்ற போலந்துத் தொழிலாளி, இரண்டரை மணித்தியாலத்தில் அங்கு இறங்கினார்.

பெட்டியளவு பார்க்கும் படலம்

லண்டனிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய அறுபது கிலோமீற்றர் தூரத்தில் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம் இருக்கிறது. மலிவு விமானங்கள் பெரும்பாலும் அதிகாலையிலேயே புறப்படுவதால், நள்ளிரவு கடந்ததும் அங்கே ஜனங்கள் கூடத் தொடங்குகின்றனர். மாணவர், கட்டிடத் தொழிலாளர், கைக்குழந்தையுடன் தாய்மார், மணவிழாவுக்குச் செல்லும் தோழிமார் எனப் பலதரப்பட்டோரையும் காணக்கூடியதாயிருந்தது. நம்மூர்த் திருவிழாவுக்கு விசேஷ பஸ் ஏறுங் கூட்டத்தை அது நினைவூட்டிற்று.

விமானத்துக்குச் செல்லும் வாயிலில் இரும்புச் சட்டமொன்று வைக்கப்பட்டிருக்கிறது. நமது கைப்பை அதனுள் அடங்குமானால் பணமில்லை. அடங்காவிடில் தண்டப்பணம் கட்டவேண்டும். கம்பனிக்குக் கம்பனி அளவு வேறு. ரயன்எயார் 2025 செப்ரெம்பரில் இலவசப் பையின் அளவைச் சிறிது கூட்டி, 40க்கு 30க்கு 20 சென்ரிமீற்றர் என வகுத்தது. நாம் நின்ற வரிசையில் ஒரு மூதாட்டியின் பை சட்டத்தினுள் இறங்க மறுத்தது. அவர் கோபிக்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. பையைத் திறந்து, இரண்டு கம்பளிச் சட்டைகளை எடுத்து, அணிந்திருந்த மேலங்கிக்கு மேல் ஒன்றன்மேலொன்றாக அணிந்து கொண்டார். எஞ்சிய பிஸ்கற் பெட்டியை அங்கியின் பைக்குள் திணித்தார். பை இறங்கிற்று. வரிசையில் நின்றோர் கைதட்டினர். அடுத்து நின்ற இளைஞருக்கு அந்தச் சாமர்த்தியம் கைகூடவில்லை. அவர் தம் சீட்டுக்குக் கொடுத்த பணத்திலும் கூடிய தொகையைப் பைக்காகக் கொடுத்துவிட்டு, வாய் திறவாமல் உள்ளே சென்றார்.

பின்னர் வெட்டவெளியில் நடந்து, விமானத்தின் முன்வாசலாலும் பின்வாசலாலும் ஏறினோம். ஆசனங்கள் பின்சாயமாட்டா. முன்னாசனத்தின் முதுகில் பத்திரிகை வைக்கும் பையும் இல்லை. ஆபத்து வேளையிற் செய்யவேண்டியன பற்றிய குறிப்பு அம்முதுகிலேயே ஒட்டப்பட்டிருந்தது. விமானம் மேலெழுந்ததும் கோப்பி, பாண், வாசனைத் திரவியம், அதிர்ஷ்டச் சீட்டு எனத் தள்ளுவண்டி வியாபாரம் தொடங்கிற்று. தண்ணீருக்கும் காசுதான். ஆயினும் யன்னலுக்கு வெளியே அல்ப்ஸ் மலைச் சிகரங்கள் உதயசூரியனின் ஒளியிற் செந்நிறம் பூண்டு நின்ற காட்சிக்கு எவரும் கட்டணம் கேட்கவில்லை.

மலிவின் இரகசியம்

இவையெல்லாம் வெறும் கஞ்சத்தனத்தால் நிகழ்வன அல்ல, ஒவ்வொன்றுக்கும் கணக்குண்டு. பத்திரிகைப் பை இல்லையேல் அதனைத் துப்புரவாக்கும் நேரமும் இல்லை. ஆசனம் சாயாவிடில் பழுதாகும் பொறியும் இல்லை. விமானம் தரையில் நிற்கும் நேரம் பணம் சம்பாதியாத நேரமாதலால், இறங்குவோரை இறக்கி, ஏறுவோரை ஏற்றி, இருபத்தைந்து நிமிஷத்தில் மீண்டும் புறப்படவேண்டும் என்பது விதி. ஒரே வகை விமானங்களையே பெரும்பாலும் வைத்திருப்பதால், விமானிகளையும் பொறியியலாளரையும் ஒன்றிலேயே பயிற்றிவிடலாம். உதிரிப்பாகங்களையும் ஒருவகையாகவே சேமிக்கலாம்.

2025 மார்ச்சுடன் முடிவடைந்த ஆண்டில் ரயன்எயார் கம்பனி 20 கோடிப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. சராசரிச் சீட்டுக் கட்டணம் 46 யூரோ மாத்திரமே. ஆயின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பைக்கும், விரும்பிய ஆசனத்துக்கும், முந்தி ஏறுவதற்கும், இவை போன்ற பிறவற்றுக்குமாகப் பெற்ற பணமாகும். முன்னர் சீட்டு என்ற ஒரே மூட்டையில் இருந்த பொருட்கள் இன்று அவிழ்க்கப்பட்டுத் தனித்தனியே விற்கப்படுகின்றன. வேண்டியதை மாத்திரம் வாங்குவோருக்கு இது இலாபம்; வேண்டியது எது என்று முன்கூட்டியே அறியாதவருக்கு நட்டம்.

பெயரில் ஒரு நகர், இறங்குவது வேறொரு நகர்

சிக்கனத்தின் மற்றொரு வழி, பெருநகரின் பிரதான விமான நிலையத்தை விட்டுத் தொலைவிலுள்ள சிறு நிலையத்தில் இறங்குவது. மிலான் என்று சீட்டு வாங்கினோர் ஐம்பது கிலோமீற்றர் அளவு தள்ளியுள்ள பேர்காமோவில் இறங்குகின்றனர். பாரிஸ் என்று வாங்கினோர் எண்பத்தைந்து கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள போவேயில் இறங்குகின்றனர். ஜேர்மனியில் பிராங்பேர்ட்டின் பெயரைத் தாங்கிய ஹான் விமான நிலையம் அந்நகரிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. அமெரிக்க விமானப்படை 1993 இல் கைவிட்டுச் சென்ற தளம் அது.

இத்தகைய சிற்றூர்களுக்கு விமானம் வருவது வாழ்வு, வராதொழிவது தாழ்வு. ஹான் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2021 இல் கடனிறுக்க முடியாத நிலையை அடைந்தது. ஒரு கம்பனியின் தயவை நம்பி வாழும் ஊருக்கு, அக்கம்பனி அடுத்த ஊரில் மலிவான தரைவாடகையைக் கண்டதும் அச்சம் பிறக்கிறது.

எனினும் பெருநகருக்கு விரைவோர் காணாது கடந்து செல்லும் செல்வங்கள் இவ்வூர்களில் உள்ளன. பேர்காமோ விமான நிலையத்திலிருந்து நகரப் பஸ்ஸேறி, மலையடிவாரத்தில் இறங்கி, 1887 முதல் ஓடும் கம்பியிழுவை வண்டியில் மேலூருக்குச் சென்றோம். வெனிஸ் குடியரசு 1561 இல் கட்டத் தொடங்கிய மதில் ஆறு கிலோமீற்றருக்கு மேலான நீளத்தில் அவ்வூரைச் சூழ்ந்து நிற்கிறது. 2017 இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. முற்காலத்தில் இரவில் நகர வாயில்கள் அடைபடுவதை அறிவிக்க மணி அடிப்பார்களாம். வாயில்கள் அடைபடுவது நின்று நெடுங்காலமாகியும், இன்றும் இரவு பத்து மணிக்குக் கோபுர மணி நூறு முறை ஒலிக்கிறது. கடைக்காரர் கதவு சாத்துகின்றனர்; பிள்ளைகள் எண்ணிக் கொண்டே வீடு செல்கின்றனர்.

போவே நகரின் தேவாலயமும் காணத்தக்கது. உலகிலேயே உயர்ந்த கோவிலைக் கட்டுவோம் என்று 1225 இல் தொடங்கியவர்கள், ஏறக்குறைய 48 மீற்றர் உயரத்தில் வளைகூரை அமைத்தனர். 1284 இல் அதன் ஒரு பகுதி இடிந்தது. பின்னர் எழுப்பிய மாபெருங் கோபுரமும் 1573 இல் வீழ்ந்தது. கோவில் இன்றும் முற்றுப்பெறாமலே நிற்கிறது. பாரிஸ் பஸ்ஸுக்கு ஓடுவோருள் அதனை நின்று பார்ப்பவர் மிகச் சிலரே.

உறவுக்கு அமைந்த பாலம்

லண்டனில் ஒரு பிள்ளை, பாரிஸில் ஒரு பிள்ளை, சுவிற்சர்லாந்தில் ஒரு பிள்ளை என நம்மவர் குடும்பங்கள் பல சிதறி வாழ்வதை வாசகர் அறிவர். அவர்களுக்கு இம்மலிவு விமானம் உல்லாசத்துக்கு மாத்திரம் உரியதன்று. மரணச் செய்தி கேட்டு மறுநாளே புறப்படவும், அந்தியேட்டிக்குக் குடும்பமாகக் கூடவும், தங்கையின் மகப்பேற்றுக்கு ஒரு வாரவிடுமுறையில் ஓடிச்சென்று திரும்பவும் இதுவே வழிசெய்கிறது. நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறுவது வழக்கமாதலால், திடீர்ச் சாவீட்டுக்குச் செல்வோர் மலிவுச் சீட்டு மலிவாக இல்லாதிருப்பதையும் காண்கின்றனர்.

பிள்ளைகளைப் பார்க்க இங்கிருந்து செல்லும் பெற்றோர் சில விஷயங்களை மனத்திற் கொள்ளல் நன்று. பிரித்தானியாவுக்குப் பெற்ற விசா பிரான்சுக்கோ சுவிற்சர்லாந்துக்கோ செல்லாது. ஷெங்கன் விசா வேறாக வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுடையோரின் ஆவணங்களை விமானமேறுமுன் கருமபீடத்திற் காட்டிச் சரிபார்க்குமாறு சில கம்பனிகள் விதிக்கின்றன. இதற்கென நேரம் ஒதுக்கவேண்டும். ரயன்எயார் 2025 நவம்பர் முதல் ஏறுசீட்டைக் கைத்தொலைபேசியிலேயே வழங்குவதால், முதியோருக்குப் பிள்ளைகள் முன்கூட்டியே உதவுதல் அவசியம். விமானம் ரத்தானால் கையைப் பிசைந்து நிற்கவேண்டியதில்லை. 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம், மலிவுச் சீட்டு, விலையுயர்ந்த சீட்டு என்ற பேதமின்றி, தவிக்கவிடப்பட்ட பிரயாணிக்கு உணவும், இரவாயின் தங்குமிடமும் கொடுக்கவேண்டும் என்றது. கம்பனியின் தவறாயின் தூரத்துக்கேற்ப 250 முதல் 600 யூரோ வரை நட்டஈடும் விதித்தது. கேட்பவருக்கே அது கிடைக்கும்.

எவரும் கணக்கிற் சேர்க்காத செலவொன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கரியமிலவாயுவை மிகுதியாக வெளியிடும் பத்து நிறுவனங்களின் வரிசையில், 2018 ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி, நிலக்கரி மின்னிலையங்களுக்கிடையே ரயன்எயார் கம்பனியும் முதன்முறையாக இடம்பெற்றது. அச்செலவை நமது பேரப்பிள்ளைகள் இறுக்கவேண்டி வரலாம்.

ஆகவே, குறைந்த கட்டணம் என்பது எவரும் நமக்கு வழங்கிய தானமன்று. அது ஓர் ஒப்பந்தம். பணத்துக்குப் பதிலாக நேரத்தையும், உறக்கத்தையும், சௌகரியத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனத்தையும் நாம் கொடுக்கிறோம். அவ்வொப்பந்தத்தை வாசித்தறிந்து ஏறுவோருக்கு ஐரோப்பா ஒரு சிற்றூர் போலச் சுருங்கிவிடுகிறது. கூலியுழைப்பாளி தன் தாயின் முகத்தை ஆண்டுக்கொருமுறைக்குப் பதில் மாதத்துக்கொருமுறை காணமுடிகிறதென்றால், ஆசனம் சாயாததைப் பற்றி நாம் அதிகம் முறையிடலாகாது. ஆயினும் அவசியமில்லாத பயணத்தை மலிவு என்பதற்காகவே மேற்கொள்ளாமல், அவசியமான பயணத்தை அமைதியாக மேற்கொண்டு, இறங்கிய சிற்றூரில் ஒரு மாலைப்பொழுதேனும் தங்கிச் செல்வோமாயின், கொடுத்த காசுக்கு மேலான பயனை நாம் அடைந்தவராவோம்.