வாளையாற்றுக்கு அப்பால்

பாலக்காட்டில் ரயிலேறி, வாளையாறும் மதுக்கரையும் கடந்து, தம்பியுடன் போத்தனூரில் இறங்கினோம். செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் கார்ப் பந்தயத் திடலைக் காண்பதே நோக்கம். மெக்கானிக் தொழில் பயில விழைந்த தம்பியை அதுகாறும் நாம் தடுத்தே வந்தோம்.

2003-இல் திறக்கப்பட்ட இத்திடலின் ஓடுபாதை சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுடையது. இது தாங்கி நிற்கும் பெயருக்குரிய கோவைக் கரிவரதன் இதனைக் காணவில்லை; 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். அயல்நாட்டுக் காருக்குக் காத்திராமல், நம் சாலைகளில் ஓடிய மாருதியின் எஞ்சினைக் கொண்டே 'பார்முலா மாருதி' பந்தயக் காரைச் சமைத்தவர் அவர். அதில் தொடங்கிய நரேன் கார்த்திகேயனே 2005-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பார்முலா ஒன் பந்தயம் ஓடிய முதல் இந்தியரானார்.

மாலை ரயில் மீண்டும் வாளையாற்றைத் தாண்டுமுன் தம்பிக்கு இசைவு தந்தோம்.