கப்பல் ஏறும் முன்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

தாமதம் என்பது நம் கல்லூரிக்குப் புதிய சொல் அன்று. முதல் மணிக்கு வரவேண்டியவர் இரண்டாம் மணிக்கு வந்து, "பேருந்து தாமதம் ஐயா" என்று தலையைச் சொறிவதும், பேராசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உட்காரும்" என்பதும் நாள்தோறும் நடப்பவைதாம். அப்படித் தலையைச் சொறிந்தவர்களில் அடியேனும் ஒருவன். ஆயினும் பிறரால் எனக்கு நேரும் தாமதத்தை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. 2025 மே மாதத்தில் ஒரு நாள் இந்தக் குணத்திற்கு ஒரு பாடம் கிடைத்தது. அதைத்தான் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தாயின் தாயை நாங்கள் அம்மாயி என்று அழைப்போம். வயது 73. இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தை வரலாற்று மாணவர்கள் அறிவோம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். தேர்வுக்காக இந்த எண்களை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, அடுப்படியில் இருந்த அம்மாயி, "அதுல ரெண்டு பேரு நானும் என் தங்கச்சியும்டா" என்றார். அன்றுதான் பாடநூலின் எண்ணுக்குள் என் வீட்டு ஆட்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு உறைத்தது.

1974இல் அக்காளும் தங்கையும் தத்தம் கணவர்மாரோடு தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறி இராமேசுவரம் வந்து சேர்ந்தார்கள். பிறகு மண்டபம் முகாம். அங்கே யார் யாருக்கு எந்த ஊர் என்று பெயர் வாசித்தார்கள். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் நீலகிரியில் தொடங்கப்பட்டு, மக்கள் நாவில் இன்று 'டான்டீ' என்று வழங்கும் அரசுத் தேயிலைத் தோட்டம் அம்மாயி குடும்பத்திற்கு விழுந்தது. தங்கைக்கு விழுந்தது நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கச்சல். அங்கே இரப்பர்த் தோட்டம். சோழர் காலத்தில் நக்கவாரம் என்று வழங்கிய தீவுக்கூட்டம் அது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் அப்பெயர் இருக்கிறது. ஆனால், பேர் வாசித்த அந்த நாளில் இரண்டு சகோதரிகளுக்கும் கோத்தகிரி எங்கே, கச்சல் எங்கே என்று தெரியாது. பக்கத்துப் பக்கத்து ஊர் என்றே நினைத்துக்கொண்டார்களாம்.

அதன்பின் அவர்கள் சந்திக்கவே இல்லை. கடிதம் வந்தது, பிறகு தொலைபேசி வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்தபோது, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தீவுகளில் கச்சலும் ஒன்று. சின்ன அம்மாயி உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி கிடைக்கப் பதினொரு நாள் ஆயிற்று. அவர் கணவர் திரும்பவில்லை. சில ஆண்டுகளில் சின்ன அம்மாயி, சின்ன அந்தமான் தீவின் அட் பேயில் மணமுடித்திருந்த மகளிடம் போய்விட்டார். சென்ற ஆண்டு தொடக்கத்தில் அவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்றும், படுத்த படுக்கை என்றும் செய்தி வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் என் மாமா, மேலதிக நேரம் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் இரண்டு விமானச் சீட்டுகள் எடுத்தார். அம்மாயிக்கு ஒன்று, துணைக்குப் போகும் எனக்கு ஒன்று.

திட்டம் எளிது. காலை 10.30க்குச் சென்னையில் விமானம். பகல் ஒரு மணி அளவில் போர்ட் பிளேர். 2024 முதல் அரசு ஏடுகளில் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். இரவு 9 மணிக்கு அங்கிருந்து அட் பேக்குக் கப்பல். கடல்வழி ஏறத்தாழ 120 கிலோமீட்டர்; ஏழெட்டு மணி நேரப் பயணம். அடுத்த கப்பல் எப்போது என்பது கடலின் மனநிலையைப் பொறுத்தது என்று சித்தி சொல்லியிருந்தார்.

மேட்டுப்பாளையத்தில் இரவு ரயிலேறி அதிகாலையில் சென்னை வந்தோம். விமான நிலையத்தில் அம்மாயியின் கைப்பையைச் சோதனைப் பொறி விழுங்கி வெளியே தள்ளியதும், ஒரு பெண் காவலர் அதைத் தனியே எடுத்து வைத்தார். உள்ளே ஒரு பித்தளைச் சொம்பு. அதற்குள் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தூள் ஒரு பொட்டலம். அவர் இந்தியில் ஏதோ கேட்டார். அம்மாயி தமிழில், "அது என் தங்கச்சியோடது" என்றார். எந்த மொழியில் புரிந்ததோ தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

மணி 10. போர்ட் பிளேரில் வானிலை சரியில்லை, விமானம் 12.30க்குப் புறப்படும் என்று அறிவிப்பு வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தொடுமுன்பே, மே மூன்றாம் வாரத்தை ஒட்டி அந்தமான் கடலைத் தொட்டுவிடும். அந்த மேகம்தான் வழிமறித்துக்கொண்டிருந்தது. 12.30 என்பது 2.15 ஆயிற்று. இரண்டு மணி நேரத்திற்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி தரவேண்டும் என்பது விதி. ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்கள். அம்மாயி தம் பொட்டலத்தைப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டார். "அங்க சின்னப் புள்ளைக இருக்கும்."

2.15ம் பொய்யானபோது என் பொறுமை போய்விட்டது. முகப்பு மேசையில் இருந்த பெண்ணைச் சுற்றி ஏற்கெனவே ஒரு கூட்டம். ஓர் ஒப்பந்தக்காரர் தம் நட்டக் கணக்கை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். நானும் புகுந்து, என் ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, எங்கள் கப்பல் போய்விட்டால் யார் பொறுப்பு என்று கத்தினேன். நம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் வராத சரளம் அன்று எனக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கும் என் வயதுதான் இருக்கும். "மன்னிக்கவும் சார்" என்பதைத் தவிர அவரிடம் வேறு விடை இல்லை.

வெற்றிவீரனைப்போல் திரும்பி வந்தேன். அம்மாயி கேட்டார்:

"அந்தப் புள்ளையா தம்பி மழையைப் பெய்ய வெச்சுச்சு?"

எனக்கு விடை வரவில்லை.

"காலையிலருந்து அது எந்திரிச்சுப் போகல. தண்ணிகூடக் குடிக்கல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சிறிது நேரம் கழித்துச் சித்தி கைபேசியில் உருவத்தோடு அழைத்தார். சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர்க் கம்பிவடம் போட்டு, 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். சின்ன அந்தமானையும் அது தொடுகிறது. அதன் புண்ணியத்தால் இப்போதெல்லாம் முகம் தெளிவாகத் தெரிகிறது. கட்டிலில் சாய்ந்திருந்த சின்ன அம்மாயி, "அக்கா, ஏறிட்டியா?" என்றார். "ஏறிக்கிட்டே இருக்கேன்" என்றார் அம்மாயி. அழைப்பு முடிந்தபின் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் தந்தார். "மொகம் தெரியுது. கையப் புடிக்க முடியலையே."

"உங்களுக்குக் கோபமே வரவில்லையா அம்மாயி?" என்று கேட்டேன். பிறகுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். அம்மாவும் மாமாவும்கூட அதை அதுவரை கேட்டதில்லை என்று பின்னால் அறிந்தேன்.

"மண்டபத்துல அவளுக்கு மெட்ராசுக்கு ரயில் குறிச்சுட்டாங்க. அங்கருந்து கப்பல். அன்னைக்கு ரெண்டு பேரும் ஒக்காந்து மூட்டை கட்டுறோம். இந்தச் சொம்பு எங்கம்மாவோடது. 'சின்னவளுக்குக் குடு'ன்னு சொல்லிட்டுத்தான் செத்துச்சு. பேசிக்கிட்டே கட்டுனதுல அது என் மூட்டைக்குள்ள போயிருச்சு. நெனப்பு வந்து அவுத்து எடுத்துக்கிட்டு ஓடுறேன். ரயில் கெளம்பிருச்சு. அவ கையக் கையக் காட்டுறா. எப்பவும் தாமதமா வர்ற ரயிலு. அன்னைக்குப் பாத்துச் சரியா வந்து சரியாப் போயிருச்சு. ஒரு அஞ்சு நிமிசம் தாமதமா வந்திருக்கக் கூடாதான்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? அதனால தாமதமா வர்றதுமேல எனக்குக் கோவம் வராது தம்பி."

பக்கத்து இருக்கையில் இருந்த ஒப்பந்தக்காரரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதன்பின் அவர் மேசைப் பக்கம் போகவில்லை. நான் போனேன். அந்தப் பெண்ணிடம் ஒரு புட்டித் தண்ணீரைக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அம்மாயி என் முதுகில் கை வைத்துத் தள்ளித்தான் அனுப்பினார்.

3.40க்கு விமானம் எழும்பியது. கடலுக்கு மேல் 1,300 கிலோமீட்டருக்கும் அதிகமான வழி. போர்ட் பிளேருக்கு மேலே வந்தும் மேகம் விலகுவதற்காகச் சிறிது நேரம் வட்டமிட்டோம். தரையிறங்கியபோது மணி 6.20. ஆனால், இருட்டிவிட்டிருந்தது. அவ்வளவு கிழக்கே இருந்தும் நம் கடிகாரமே அங்கும் ஓடுவதால், கோடையிலும் ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. "ராத்திரி ஆயிருச்சே, கப்பல் போயிருக்குமோ" என்று அம்மாயி முதன்முறையாகப் பதறினார். காலையிலிருந்து பதறிய நான், "இல்லை அம்மாயி, நேரம் இருக்கிறது" என்று தேற்றினேன்.

சித்தியின் மகன், எனக்குத் தம்பி முறை, ஃபீனிக்ஸ் பே துறையில் சீட்டுகளோடு காத்திருந்தான். ஆட்டோ பிடித்து மழையில் நனைந்துகொண்டு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"மெதுவா வாங்கண்ணா. கடல் கொந்தளிக்குது. கப்பல் காலையிலதான் எடுப்பாங்களாம்."

நண்பர்களே, காலையில் இந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் துறைமுக மேசையையும் ஒரு கை பார்த்திருப்பேன். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கப்பல் கண்ணெதிரே, கயிற்றில் கட்டுண்டு, விளக்கெரிய நின்றுகொண்டிருந்தது. இனி எங்களை விட்டுவிட்டு அது போகமுடியாது.

பயணிகள் கூடத்தில் இரவைக் கழித்தோம். வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், நிக்கோபார்க்காரர்கள், நம்மவர்கள் என்று பலரும் மூட்டைகளைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. தீவில் வாழ்பவர்களுக்குக் காத்திருப்பது வேளாண்மையைப்போல் ஒரு வழக்கமாகிவிட்டது போலும். நக்கவாரத்தைப் பாடம் படித்த எனக்கு அப்போது வேறொன்றும் தோன்றியது. பாய்மரக் காலத்தில் கலமேறியவர்கள் ஒரு காற்றுக்காக மாதக்கணக்கில் கரையில் கிடந்திருக்க வேண்டும். கரிகாலனின் முன்னோன் காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்தியதை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் பாடுகிறார். ஆனால், அந்தக் காற்று வரும்வரை கரையில் காத்திருந்த சாதாரண மாலுமியைப் பற்றியும், அவனுக்காக வீட்டில் காத்திருந்தவளைப் பற்றியும் எந்த மெய்க்கீர்த்தியும் கூறவில்லை.

காலை ஐந்து மணிக்கே பளிச்சென்று விடிந்துவிட்டது. மழை ஓய்ந்திருந்தது. ஏணிப்பாலத்தில் ஏற வரிசை நகர்ந்தது. "பையைக் கொடுங்கள், நான் தூக்கி வருகிறேன்" என்றேன். எல்லாவற்றையும் கொடுத்த அம்மாயி, சொம்பை மட்டும் கொடுக்கவில்லை. அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே போனதும் திரும்பி, "மணி என்னடா?" என்று கேட்டார்.

"ஐந்தரை அம்மாயி. எட்டரை மணி நேரம் தாமதம்."

"பரவால்ல" என்றார். "நான் அம்பத்தோரு வருசம் தாமதம்."

அன்று பிற்பகல் அட் பேயில் சின்ன அம்மாயி அந்தச் சொம்பில்தான் தேநீர் குடித்தார். மருத்துவர் அளந்து கொடுக்கச் சொன்ன தண்ணீர்க் கணக்கில் பாதி அதில் தீர்ந்துவிட்டது என்று சித்தி கடிந்துகொண்டார். சகோதரிகள் இருவரும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நாங்கள் அங்கே பன்னிரண்டு நாள் இருந்தோம். திரும்பி வந்த ஐந்தாம் மாதம் சின்ன அம்மாயி மறைந்தார்.

இப்போதும் நான் வகுப்புக்குச் சில நாள் தாமதமாக வருகிறேன், பேராசிரியர்கள் பொறுத்தருள்க. ஆனால், பேருந்து தாமதமானால் நடத்துநரிடம் சண்டை பிடிப்பதில்லை. அந்தத் தாமதத்தால் யாரோ ஒருவர் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து சேர்ந்துவிடக்கூடும் என்று எண்ணிக்கொள்கிறேன்.