குஸ்கோவுக்கு இரண்டு பேர்!

(மூன்றாம் ஆண்டு அமைப்பியல் மாணவன்)



"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்றொரு பழமொழி உண்டு. விடுதி நண்பர்கள் என்னைப் பார்த்துத் தினமும் சொல்வது இதைத்தான். காரணம், என் பெட்டியில் இருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதன் அட்டையில் 'குஸ்கோ பயணத் திட்டம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"மாப்ளே, பழனிக்குப் போறதுக்கே என்கிட்ட பஸ் சார்ஜ் கடன் வாங்கினவன் நீ! பெருவுக்குப் போறியா?"

சிரிக்கட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் 'ஆட்கள்: 2' என்று எழுதியிருந்தேன். ஒன்று நான். இன்னொன்று என் அப்பா.

குஸ்கோ எங்கே இருக்கிறது? தென் அமெரிக்காவில், பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்கா பேரரசின் தலைநகரமாக இருந்தது. 1533இல் ஸ்பானியர்கள் அதைக் கைப்பற்றினார்கள். இன்காக்களின் சுவர்களை அடித்தளமாக வைத்து அவற்றின் மேலேயே தங்கள் மாளிகைகளையும் தேவாலயங்களையும் கட்டினார்கள். இன்றைக்கும் அந்த வீதிகளில் நடந்தால் கீழ்ப்பாதி இன்கா, மேல்பாதி ஸ்பெயின்! 1983இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இரண்டாமாண்டு படிக்கும்போது நூலகத்தில் ஒரு படம் பார்த்தேன். ஹாதுன் ரூமியோக் என்ற சந்தில் உள்ள ஒரு கல். அதற்குப் பன்னிரண்டு மூலைகள். சுற்றியுள்ள கற்கள் அத்தனையும் அந்தப் பன்னிரண்டு மூலைகளுக்கும் பொருந்தும்படி செதுக்கப்பட்டவை. நடுவே சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை, எந்தச் சாந்தும் இல்லை. அதைச் செல்போனில் படம் பிடித்து ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன்.

என் அப்பா கல்தச்சர். அம்மி, ஆட்டுக்கல், வாசற்படிக் கல், கோயில் படிக்கட்டு என்று முப்பது வருடம் உளி பிடித்தவர். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாலு மூலைக் கல்லை ஒழுங்கா உட்கார வைக்கவே ஒரு நாள் பூரா ஆவும்டா. இவன் பன்னெண்டு வச்சிருக்கானே! எந்த உளியிலே அடிச்சான்?"

"அவங்ககிட்ட இரும்பே கிடையாதுப்பா. கல்லாலேயே கல்லைத் தட்டித் தட்டித்தான் செதுக்கியிருக்காங்க."

அப்பா நம்பவில்லை. ஜீன்-பியர் புரோட்சன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் 1980களில் இன்காக்களின் கற்சுரங்கங்களுக்கே போய், கடினமான உருண்டைக் கற்களைச் சுத்தியலாக வைத்துத் தட்டிப் பார்த்து, இப்படிச் செய்ய முடியும் என்று காட்டியதைச் சொன்னேன். அப்புறம்தான் மெல்லத் தலையாட்டினார். "போய்ப் பாக்கணும்டா" என்றார். அன்றைக்கு வாங்கியதுதான் இந்த நோட்டு.

திட்டம் போட ஆரம்பித்த பிறகுதான் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. முதலில் மாதம். அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். மச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் புகழ்பெற்ற இன்கா பாதையைப் பிப்ரவரி முழுவதும் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். ஜூன் 24 இன்டி ராய்மி என்ற சூரியத் திருவிழா. கூட்டம் நெரியும், அறை வாடகையும் ஏறும். ஆகவே மே மாதம் என்று முடிவு செய்தேன். நம் ஏப்ரல் தேர்வும் முடிந்திருக்குமே!

அடுத்தது வழி. சென்னையிலிருந்து பெருவின் தலைநகர் லிமாவுக்கு நேரடி விமானம் கிடையாது. வழியில் மாறித்தான் போக வேண்டும். லிமா கடற்கரை நகரம். அங்கிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இங்கேதான் சிக்கல். கடல் மட்டத்தில் காப்பி குடித்தவன் அடுத்த வேளைச் சாப்பாட்டை 3,400 மீட்டரில் சாப்பிட்டால் உடம்பு என்ன ஆகும்? நம் தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான். குஸ்கோவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீர்கூட 90 டிகிரிக்குள் கொதித்துவிடும். புதிதாக வருகிறவனுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம்.

இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல், நேராகப் பள்ளத்தாக்கிலுள்ள ஒயாந்தைதம்போ ஊருக்கு இறங்கிவிட வேண்டும். அது 2,800 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு நாள் ஓய்வு. பிறகு ரயிலில் மச்சு பிச்சு. அது 2,430 மீட்டர்தான். உடம்பு பழகிய பிறகு, கடைசியில் குஸ்கோ! (அங்கே எல்லோரும் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். அந்த இலையை ஞாபகார்த்தமாகப் பையில் போட்டு வந்துவிடாதீர்கள். நம் நாட்டில் அது சட்ட விரோதம்.)

இந்தப் பக்கத்தை எழுதி முடித்த வாரம்தான் அப்பாவின் இருமலுக்காக மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், முப்பது வருடக் கல்தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது என்றார். நான் தயங்கித் தயங்கி மலைப் பயணம் பற்றிக் கேட்டேன். "ஊட்டிக்கே யோசிச்சுத்தான் கூட்டிட்டுப் போகணும் தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நோட்டைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் இருந்த 2ஐ அவரே அடித்துவிட்டு 1 என்று போட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"நீ போ. அந்தச் சந்துலே நகம் நுழையுதான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

"அந்தக் கல்லைத் தொடக் கூடாதுப்பா."

"கை வைக்காம எப்படிடா கல்லைப் பாக்கறது?"

2025 பிப்ரவரியில் ஒருவன் அந்தப் பன்னிரண்டு மூலைக் கல்லைச் சுத்தியலால் அடித்துச் சேதப்படுத்திய செய்தியைச் சொன்னேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கல்லை அடிக்கறதுக்கும் ஒரு காரணம் வேணும்டா" என்றார்.

தோழர்களே, குஸ்கோவில் 1650இலும் 1950இலும் பெரும் நிலநடுக்கங்கள் வந்தன. கொரிகான்சா என்ற சூரியக் கோயிலின் மேல் ஸ்பானியர் எழுப்பிய சாந்தோ டொமிங்கோ ஆலயம் இரண்டு முறையும் இடிந்தது. அடியிலிருந்த இன்கா சுவர்கள் நின்றன. அந்தச் சுவர்கள் உட்பக்கம் சற்றுச் சாய்ந்தவை; வாசல்கள் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும். ஸ்டிரக்சர்ஸ் பாடத்தில் அரியர் வைத்திருக்கும் எனக்கு, சுவருக்கு ஏன் சாய்வு வேண்டும் என்பது இந்த நோட்டு எழுதும்போதுதான் புரிந்தது. வரும் தேர்வில் அந்த அரியரை முடித்துவிடுவேன்!

இன்றைக்கு என் அஞ்சலகச் சேமிப்பில் 6,400 ரூபாய் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். வேலை கிடைத்து மூன்றாவது மே மாதம் புறப்படுவதாகத் திட்டம். அதுவரை அப்பாவை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் அந்த நோட்டிலேயே ஏறியிருக்கிறது.

உங்களில் யாராவது எனக்கு முன்னால் குஸ்கோவுக்குப் போய்விட்டால், ஹாதுன் ரூமியோக் சந்தில் என் அப்பாவுக்காக இரண்டு நிமிடம் நில்லுங்கள். கையை வைக்காதீர்கள். கிட்டே போய், கண்ணால் நன்றாகப் பாருங்கள். நகம் நுழையுமா, நுழையாதா என்று வந்து சொல்லுங்கள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.