நாலுன்னா உயிரோட இருக்கு

போன டிசம்பரில் பொன்னேரிப் பக்கம் ஒரு சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை. கீபோர்டு வாசிக்கிற தம்பி ப்யூர் டேட்டா என்ற இசை மென்பொருளில் தானே ஒரு ஆர்கன் கட்டியிருந்தான். நல்ல ஆர்கன், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையை எடுத்த பிறகும் சுரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது. டிரைவரை மாற்றினான். ரீஇன்ஸ்டால் செய்தான். வேறு லேப்டாப் கொண்டுவந்தான். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் ஒழுங்காக வாசிக்கும், அப்புறம் பழையபடி இழுக்கும். எனக்கு போன் வந்தது, போய்ச் சரிசெய்துவிட்டு வந்தேன். மறுநாள் அவன் எல்லோரிடமும் சொன்னது: "கடைசி ரீஇன்ஸ்டால்ல சரியாயிடுச்சு." அந்த ஒரு வார்த்தை இன்னும் எனக்கு ஆறவில்லை.

நான் இசைக் கல்லூரியில் படித்தவன் அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையில் 31 வருடம் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்த்து ஓய்வு பெற்றவன். மிடி, அதாவது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கிற மொழி, அதில் கோளாறு பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஃபோர்மேன் அண்ணன். மிடி என்ற சொல்லையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலம். கண்ட்ரோல் ரூமில் உலை வெப்பநிலை காட்டுகிற இண்டிகேட்டர் அடிமட்டத்துக்கும் கீழே போய்க் கிடந்தது. நான் இண்டிகேட்டரைக் கழற்றப் போனேன். அண்ணன் கையைத் தட்டிவிட்டார். "லூப்ல எத்தனை ஓடுதுன்னு பார்த்தியா?" மீட்டரை சீரியஸில் போட்டேன், ஜீரோ. "டேய், நாலுன்னா அது உயிரோட சும்மா இருக்கு. ஜீரோன்னா செத்துப்போச்சு. எங்க செத்துச்சுன்னு நடந்து போய்ப் பாரு." அளவை மின்னோட்டமாகக் கடத்துகிற 4-20 மில்லி ஆம்பியர் லூப்பில் அளவின் அடிமட்டம் 4 என்று வைத்தது அதற்காகத்தானே. மழையில் நனைந்துகொண்டே கேபிள் டிரேயோடு உலை வரைக்கும் நடந்தேன். மூன்றாவது ஜங்ஷன் பாக்ஸில் ஒரு டெர்மினல் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. சுரண்டி முறுக்கினேன். திரும்பி வந்தபோது அண்ணன் பாராட்டவில்லை. "முதல்லயே டிரான்ஸ்மிட்டர்கிட்ட போயிருந்தா பாதி நேரத்துல முடிச்சிருப்பே" என்றார். சிக்னல் பிறக்கிற இடத்திலிருந்து தொடங்கு, காட்டுகிற இடத்திலிருந்து தொடங்காதே என்று ஓய்வு பெறும் நாள் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

1983-ல் மிடியை வகுத்தவர்களுக்கும் 'நாலுன்னா உயிரோட இருக்கு' என்ற இந்தச் சிந்தனை இருந்திருக்கிறது. நீங்கள் ஒரு விசையையும் தொடாவிட்டாலும் பல கீபோர்டுகள் 'நான் இருக்கிறேன்' என்று ஒரு பைட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த பைட் வந்துகொண்டிருந்து, 300 மில்லி செகண்டுக்கு மேல் எதுவுமே வராமல் போனால், வயர் பிடுங்கப்பட்டது என்று புரிந்துகொண்டு வாங்குகிற கருவி எல்லாச் சுரத்தையும் நிறுத்திவிட வேண்டும். அண்ணனுடைய நாலு மில்லி ஆம்பியரேதான். இது தெரியாத பையன்கள் மிடி விளக்கு மினுக்குவதைப் பார்த்துவிட்டு "சிக்னல் வருது சார்" என்பார்கள். வருவது மூச்சு, பேச்சு அல்ல.

அன்றைக்கு சர்ச்சில் நான் செய்தது இவ்வளவுதான். லேப்டாப் திரையில் ப்யூர் டேட்டாவின் நோட்-இன் பெட்டிக்குக் கீழே ஒரு பிரிண்ட் பெட்டியை மாட்டினேன். நடு C-யை அழுத்தினால் சுர எண் 60, வேகம் 90. விட்டால் 60, 0. வேகம் 0 என்றால் விசையை விட்டாயிற்று என்று பொருள். இங்கே ஜீரோவும் ஒரு செய்தி. (இதைக் கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு சுரமும் இரண்டு தரம் அடிக்கும், அதை வடிகட்டுகிற ஸ்ட்ரிப்நோட் பெட்டியைப் போடாதவர்களுக்குத் தெரியும்.) ஆக, கீபோர்டு கையை எடுத்ததை ஒழுங்காகச் சொல்கிறது. அப்படியானால் யாரோ சுரத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அடுத்து கன்ட்ரோல்-இன் பெட்டியில் 64-ஐப் பார்த்தேன், அது சஸ்டெயின் பெடல். பெடலை மிதித்தேன், 0 வந்தது. காலை எடுத்தேன், 127. தலைகீழ்.

குனிந்து பார்த்தேன். பெடல் ரப்பரில் ஸ்பீக்கர் பெட்டியின் மூலை அழுந்திய தடம் இருந்தது. பெட்டி அதன்மேல் உட்கார்ந்திருந்தபோது யாரோ கீபோர்டை ஆன் செய்திருக்கிறார்கள். ஆன் ஆகும் நேரத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ, அதையே 'மிதிக்காத நிலை' என்று பல கீபோர்டுகள் எடுத்துக்கொள்ளும். பெட்டியை நகர்த்திய பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. லேப்டாப்பில் புதிதாகத் திறந்த புரோகிராமுக்குப் பெடலைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் முதலில் ஒழுங்காக வாசிக்கும். கால் ஒரு தடவை பெடலை மிதித்து எடுத்ததும் 127 வந்து பிடித்துக்கொள்ளும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் அவன் ரீஇன்ஸ்டாலின் பலன் என்று நம்பினான். இத்தனை நேரத்தில் கீபோர்டை ஒரு தடவைகூட ஆஃப் செய்யவில்லை. காலைத் தள்ளிவைக்கச் சொல்லி, ஆஃப் செய்து ஆன் செய்தேன். பத்து நிமிட வேலை.

ப்யூர் டேட்டாவை எழுதிய மில்லர் பக்கெட் அதை இலவசமாகக் கொடுத்தார். பெட்டிக்கும் பெட்டிக்கும் இழுத்த கம்பி கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. எந்த இடத்திலும் பிரிண்ட் வைத்துப் பார்க்கலாம். எங்கள் காலத்தில் அதற்கு மழையில் நடக்க வேண்டியிருந்தது. இவ்வளவு வசதி கையில் இருந்தும், இன்றைய பிள்ளைகள் யாரோ பெட்டிகளை இணைத்துக் கட்டிய பேட்சை டவுன்லோட் செய்து, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஓடவில்லை என்றால் இன்னொன்றை டவுன்லோட் செய்கிறார்கள். காரணம் தெரியாமல் சரியான கோளாறு ஈஸ்டர் ஆராதனையின் நடுவில் திரும்பி வரும். அப்போது ரீஇன்ஸ்டால் செய்ய யார் நேரம் கொடுப்பார்கள்?

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தத் தம்பியை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். "லேப்டாப் வேண்டாம்ப்பா, கீபோர்டும் பெடலும் மட்டும் எடுத்துட்டு வா" என்றேன்.